விசிறி சுற்றுகிறதா?

ஒரு மடிக்கணினியின் மின்விசிறி நிமிடத்துக்கு 65,535 முறை சுற்றுவதாகத் திரையில் ஓர் எண் வந்து நிற்கிறது. சாதாரணமாக அந்த விசிறி மூவாயிரம், நாலாயிரம் சுற்று ஓடக்கூடியது. காற்று வெளியேறும் பக்கவாட்டுத் துளையருகே கையை வைத்தால் காற்றே வரவில்லை. எண்ணைத் தரும் சில்லு, சுற்று வேகத்தை இரண்டு பைட்டுகளில் எழுதி வைக்கிறது. அந்த இரண்டிலும் உள்ள 16 பிட்டுகளும் 1 என்று இருந்தால் கிடைப்பது 65,535. சில்லுக்குச் சொல்ல எதுவும் இல்லாதபோது வரும் எண் அது. பழைய திங்க்பேட் மடிக்கணினிகளில் விசிறி வேகம் குப்பையாக வரலாம் என்று லினக்ஸ் கெர்னலோடு வரும் ஆவணமே எச்சரிக்கிறது.

அந்த எச்சரிக்கை ஆவணத்துக்குள் வந்த விதம்தான் இந்த அத்தியாயத்தின் பொருள். யாரோ ஒருவர் திரையைப் பார்த்தார், நம்பாமல் கையை நீட்டிப் பார்த்தார், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று எழுதி அனுப்பினார். அவருக்குச் சம்பளம் கிடையாது. சோதனைக்கு வைத்த கணினியும் அவர் சொந்தக் காசில் வாங்கியது.

எண் பொய் சொல்ல வேறு வழிகளும் உண்டு. மேசைக் கணினிகளில் நீண்ட காலம் இருந்த எல்எம்78 போன்ற கண்காணிப்புச் சில்லுகள் விசிறியின் சுற்றுகளை எண்ணுவதில்லை. விசிறி ஒருமுறை சுற்றும்போது அதிலிருந்து இரண்டு துடிப்புகள் வரும். ஒரு முழுச் சுற்று முடிவதற்குள் தன் உள்கடிகாரம் எத்தனை முறை தட்டுகிறது என்பதைச் சில்லு எண்ணுகிறது. அந்தக் கடிகாரம் நொடிக்கு 22,500 முறை தட்டும், நிமிடத்துக்கு 13,50,000. இந்த எண்ணை, எண்ணிக்கையாலும் வகுப்பான் என்ற இன்னோர் எண்ணாலும் வகுத்தால் விசிறியின் வேகம் கிடைக்கும். வகுப்பான் 2, எண்ணிக்கை 153 என்றால் வேகம் ஏறத்தாழ 4,400. எண்ணிக்கையை வைக்க இருப்பதோ ஒரே ஒரு பைட். 255-க்கு மேல் அதில் இடமில்லை. ஆகவே வகுப்பான் 2 என்று இருக்கும்வரை, நிமிடத்துக்குச் சுமார் 2,650 சுற்றுக்குக் கீழே ஓடும் விசிறியை அளக்கச் சில்லால் முடியாது. விசிறி அமைதியாகச் சுற்றிக்கொண்டிருக்கும், திரை 0 என்று காட்டும். பதறிப்போய் விசிறியை மாற்றியவர் புதிய விசிறியிலும் அதே பூஜ்ஜியத்தைக் காண்பார். வகுப்பானை 4 அல்லது 8 ஆக உயர்த்தினால் மெதுவான விசிறியும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அளவின் நுட்பம் குறையும்.

அளப்பதே இப்படி என்றால் கட்டுப்படுத்துவது இன்னும் சிக்கல். இருந்தும் மக்கள் ஏன் அதற்குத் துணிகிறார்கள்? காரணம் இரைச்சல். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றோட்டமும் பாதியாகிறது. அதற்குத் தேவைப்படும் திறன் எட்டில் ஒரு பங்காகிறது. இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபெல் இறங்குகிறது. நள்ளிரவில் ஓர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு 15 டெசிபெல் மிகப் பெரிய வித்தியாசம். கணினி நிறுவனம் எல்லா ஊருக்கும், எல்லாப் பருவத்துக்கும், தூசி அடைத்த காற்றுத் துளைக்கும் சேர்த்து ஒரே கணக்குப் போட்டு விசிறியை ஓட விடுகிறது. குளிர்ந்த அறையில் வெறும் எழுத்து வேலை மட்டும் செய்கிறவருக்கு அந்தக் கணக்கு தேவைக்கு அதிகம்.

ஆனால் விசிறியை மெதுவாக்குவது, ஒரு குமிழைத் திருகுவது போல நேரான வேலையாக இருப்பதில்லை. லினக்ஸில் விசிறிக்கான கட்டளை 0 முதல் 255 வரை ஓர் எண்ணாகத் தரப்படும். 60 என்ற கட்டளையில் ஓடிக்கொண்டிருக்கும் விசிறியை நிறுத்திவிட்டு, மறுபடி 60 என்று சொன்னால் அது கிளம்பாமல் போகலாம். நின்றிருக்கும் அச்சின் உராய்வு, சுற்றும் அச்சின் உராய்வைவிட அதிகம். பாரம் ஏற்றிய மாட்டு வண்டி உருளத் தொடங்கிவிட்டால் போய்க்கொண்டே இருக்கும், கிளப்புவதற்குத்தான் ஆள் சேர்ந்து தள்ளவேண்டும் அல்லவா? அதனால் லினக்ஸின் விசிறிக் கட்டுப்பாட்டு நிரலில் ஒவ்வொரு விசிறிக்கும் இரண்டு எல்லைகள் உண்டு: நின்றதைக் கிளப்பப் போதுமான எண், ஓடுவது நிற்காமலிருக்கப் போதுமான எண். எந்தத் தொழிற்சாலையும் இவற்றை எழுதித் தருவதில்லை. ஒவ்வொருவரும் தம் கணினியில் கட்டளையைப் படிப்படியாகக் குறைத்து, விசிறி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு படிப்படியாக ஏற்றிக் கண்டுபிடிக்க வேண்டும். விசிறியில் தூசி சேரச் சேர அந்த எண்களும் நகரும்.

மடிக்கணினியில் இடையில் இன்னோர் ஆள் நிற்கிறார். விசிறியைப் பிராசசர் நேரடியாக ஆள்வதில்லை. எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிறிய சில்லு அந்தப் பொறுப்பை வைத்திருக்கிறது. பழைய திங்க்பேட்களில் அது ஹிட்டாச்சியின் எச்8 குடும்பத்தைச் சேர்ந்தது. கீபோர்டு, பேட்டரி, விளக்குகள், விசிறி எல்லாம் அதன் கையில். அதற்குச் சொந்தமாக ஒரு நிரல் உண்டு. இயங்குதளம் உறைந்து நின்றாலும் அது தன் வேலையைச் செய்யும். அந்த நிரலின் உள்விவரத்தை நிறுவனம் வெளியிடவில்லை. 2004-இல் போரிஸ்லாவ் தெயனோவ் எழுதி, 2006-இல் பிரேசிலின் என்ரிக்கே டி மொராய்ஸ் ஹோல்ஷூ பொறுப்பேற்று வளர்த்த திங்க்பேட் டிரைவர், மூடிய அந்தப் பெட்டியோடு வெளியிலிருந்தே பேசக் கற்றுக்கொண்டது.

கற்றுக்கொண்டதில் சில: விசிறிக்கு 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். 0 என்றால் நின்றுவிடும். 7 என்பது உச்ச வேகம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. அந்த நிலையில் கன்ட்ரோலர் வேகத்தை அளந்து கட்டுப்படுத்துவதையே கைவிட்டு, விசிறியை அதனால் முடிந்த அளவுக்கு ஓட விடுகிறது. அந்த வேகம் விசிறியின் வடிவமைப்பு வரம்பையே தாண்டிப் போகலாம் என்று ஆவணம் எச்சரிக்கிறது. அங்கே போய்ச் சேர இரண்டு நிமிடம்வரை ஆகலாம். சில மாடல்களில் அந்த நேரம் முழுவதும் திரையில் பழைய எண்ணே உறைந்து நிற்கும். கட்டளை கொடுத்த ஐந்தாம் நொடியில் எண்ணைப் பார்த்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று எழுதும் சோதனையாளர் தவறான தகவலைத் தருகிறார். காத்திருக்கும் பொறுமையும் இந்தச் சோதனையின் ஒரு கருவிதான்.

வெளியிலிருந்து இப்படிச் சோதித்துப் பார்ப்பதில் உள்ள ஆபத்து உண்மையானது. 1998-இல் தொடங்கிய எல்எம்-சென்சார்ஸ் என்ற திட்டம், மதர்போர்டில் எந்தெந்தக் கண்காணிப்புச் சில்லுகள் இருக்கின்றன என்பதைத் தானாகவே தேடிக் கண்டுபிடிக்க முயன்றது. அந்தச் சில்லுகள் இரண்டு கம்பிகள் கொண்ட ஓர் இணைப்பில் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு முகவரி. முகவரியை மட்டும் அனுப்பிவிட்டு, தரவு எதுவும் தராமல், பதில் வருகிறதா என்று பார்ப்பது அன்றைய தேடல் முறை. கிட்டத்தட்ட எல்லாக் கணினிகளிலும் இது ஒரு கெடுதலும் செய்யவில்லை. சில ஐபிஎம் திங்க்பேட்களில் அதே இணைப்பில் அட்மெல் 24ஆர்எஃப்08 என்ற நினைவகச் சில்லு இருந்தது. வரிசை எண், கணினியின் அடிப்படை அமைப்பு விவரங்கள் போன்றவை அதில் இருந்தன. தரவில்லாத அந்தத் தட்டல், இந்தச் சில்லைப் பாதி எழுதும் நிலையிலேயே நிறுத்திவிட்டது. அடுத்து வேறொரு சில்லுக்குப் போன செய்தியையும் தனக்கு வந்ததாக அது எடுத்துக்கொண்டு, தன் நினைவகத்தில் எழுதிவிட்டது. அமைப்பு விவரம் கெட்டுப்போன கணினி அடுத்த முறை எழவில்லை. மதர்போர்டையே மாற்றவேண்டிய நிலை வந்தது.

வெப்பநிலை பார்க்க ஆசைப்பட்டவர்களுக்குக் கணினியே போனது. அவர்களில் பலர் கோபத்தோடு ஒதுங்கிவிடாமல், எந்த மாடல், எந்தக் கட்டளைக்குப் பிறகு, எப்படி நின்றது என்று விவரமாகச் சொன்னதால்தான் எந்தச் சில்லு, ஏன் என்பது பிடிபட்டது. இரண்டு திருத்தங்கள் வந்தன. அந்த இணைப்பை இயக்கும் டிரைவர், கணினி ஐபிஎம் தயாரிப்பு என்று கண்டால் நினைவகம் கெடலாம் என்று எச்சரித்துவிட்டு, ஏற மறுத்து நின்றது. பின்னர் கெர்னலின் பொதுப் பகுதியிலேயே ஒரு பாதுகாப்பு சேர்ந்தது: அந்த வகை முகவரிகளைத் தட்டினால் உடனே ஒரு வாசிப்பையும் செய்து, சில்லைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட வேண்டும். நாலைந்து வரிக்கு மேல் போகாத நிரல் அது. ஆனாலும் இந்தத் துறையில் எழுதப்பட்டவற்றுள் அதிக விலை கொடுத்து வாங்கிய வரிகளில் அவையும் சேரும் என்பேன்.

திங்க்பேட் விசிறி டிரைவரை வாசிக்கும்போது இந்த அச்சம் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. விசிறியைக் கட்டுப்படுத்தும் வசதி இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது; வேண்டுமென்று வெளிப்படையாகச் சொன்னால்தான் திறக்கும். திறந்தவர் 1 முதல் 120 நொடிக்குள் ஒரு காவல் கெடுவையும் வைக்கலாம். அந்தக் கெடுவுக்குள் புதிய கட்டளை வராவிட்டால், கட்டளையிடும் நிரல் செத்துவிட்டது என்று கருதி, டிரைவர் விசிறியை மறுபடி ஓட விட்டுவிடும். கணினி உறக்கத்திலிருந்து எழும்போது பழைய நிலையை அது திருப்பி வைக்கும். ஆனால் அந்த நிலை இப்போதுள்ள வேகத்தைக் குறைப்பதாக இருந்தால் தொடாது.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னக் கணக்கு. விசிறியைக் கன்ட்ரோலரின் சொந்தப் பொறுப்பில் விட, அதன் ரெஜிஸ்டரில் 128 என்ற பிட்டை ஏற்ற வேண்டும். டிரைவர் 128-ஐ மட்டும் எழுதுவதில்லை. கூடவே 4-ஐயும் சேர்த்து 132 என்று எழுதுகிறது. முழுவேகத்துக்கான பிட் 64. அதோடு 7-ஐச் சேர்த்து 71 என்று எழுதுகிறது. உலகின் ஏதோ ஒரு மூலையில், யாரும் இதுவரை சோதிக்காத ஒரு மாடலின் கன்ட்ரோலருக்கு அந்த 128-உம் 64-உம் புரியாமல் போகலாம். புரியாத பிட்டை அது புறக்கணித்தால் மிஞ்சுவது 4 அல்லது 7. இரண்டுமே விசிறி ஓடும் நிலைகள். 128-ஐ மட்டும் எழுதியிருந்தால் மிஞ்சியிருப்பது 0; விசிறி நின்றிருக்கும். எழுதியவர் பார்த்திராத கணினியும், பழகியிராத மனிதரும் அந்தக் கூட்டலில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறார்கள்.

பிராசசர் சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இன்னும் ஏறினால் கணினியையே அணைத்துவிடும், பிறகு விசிறி நின்றால்தான் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளும் என்பது சரிதான். பேட்டரிக்கும், ஹார்டு டிஸ்க்குக்கும், மின்னழுத்தத்தைச் சீராக்கும் பாகங்களுக்கும் அந்த வரம் எப்போதும் கிடைப்பதில்லை. ஆகவே விசிறியை நிறுத்தும் முன், எல்லா இடத்து வெப்பநிலையும் தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால் எந்தச் சென்சார் எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

திங்க்பேட் கன்ட்ரோலர் எட்டு முதல் பதினாறு வரை வெப்பநிலைகளைத் தரும், வெறும் எண்களாக. 42, 42, 45, 41, 36, −128 என்று வரிசையாக வரும். −128 என்றால் அந்த இடத்தில் சென்சார் இல்லை. மற்ற எண்கள் எந்த இடத்தினுடையவை என்று எங்கும் எழுதியிருக்காது. மாடலுக்கு மாடல் வரிசையும் மாறும். கண்டுபிடிக்க வழி பொறுமையான விளையாட்டு: பேட்டரியைக் கழற்றிவிட்டு எந்த எண் −128 ஆகிறது என்று பார்ப்பது, டிஸ்க்குக்கு மட்டும் வேலை கொடுத்து எந்த எண் மெல்ல ஏறுகிறது என்று பார்ப்பது. டிரைவரின் ஆவணத்தில் அந்த விளையாட்டின் முடிவுகள் அச்சாகியிருக்கின்றன. டி43 மாடலில் பதினொன்றாவது சென்சார் எங்கே இருக்கிறது தெரியுமா? மதர்போர்டின் அடிப்பக்கம், மின்சாரத்தைச் சீராக்கும் பகுதியில், எஃப்2 விசைக்கு நேர் கீழே. ஏ31 மாடலின் வரிசை மற்ற எதோடும் ஒட்டாத தனி வரிசை. மற்ற மாடல்களை வைத்து அதை ஊகித்தவர், பேட்டரியின் வெப்பத்தை வேறெதன் வெப்பமாகவோ படித்திருப்பார். இந்தக் குறிப்புகளுக்குப் பக்கத்தில், கண்டுபிடித்துச் சொன்ன பயனர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஒரு தாவரவியல் நூலில் செடியைச் சேகரித்தவர் பெயர் நிற்பதற்கு இருக்கும் மதிப்பு அதற்கும் உண்டு.

நல்ல சோதனை அறிக்கை எப்படி இருக்கும்? மாடல் எண், பயாஸ் பதிப்பு, கன்ட்ரோலர் நிரலின் பதிப்பு, கெர்னல் பதிப்பு. சும்மா இருக்கும்போது என்ன, முழுப் பளுவில் பத்து நிமிடம் ஓட விட்டால் என்ன, உறங்கி எழுந்த பிறகு என்ன. திரை சொன்னது எது, காதும் கையும் சொன்னது எது. "நன்றாக ஓடுகிறது" என்ற ஒரு வரி யாருக்கும் உதவாது. கெர்னலில் ஒரு மாற்றம் சேரும்போது, அதைச் சோதித்தவர் பெயரும், கோளாறைச் சொன்னவர் பெயரும் அந்த மாற்றத்தின் குறிப்பிலேயே தனித்தனி வரியாகப் பதிவாகும். நிரலின் வரலாறு இருக்கும்வரை அந்த வரிகளும் இருக்கும்.

எதிர்மறையான அறிக்கையின் அருமைக்கு டெல் கணினிகள் நல்ல சான்று. அவற்றில் விசிறி விவரம் கேட்க, பிராசசரைச் சிறிது நேரம் முழுதாக நிறுத்திவிட்டு பயாஸின் மறைவான ஒரு பகுதிக்குள் போய்வர வேண்டும். இதற்கான டிரைவரை மாசிமோ தல் ஸோட்டோ 2001-இல் எழுதினார். பின்னாளில், விசிறியின் வகை என்ன என்று கேட்கும் ஒரு வசதி டிரைவரில் சேர்ந்தது. கேள்விதான், கட்டளை அல்ல. கேள்வியால் என்ன கெட்டுவிடும்? ஸ்டூடியோ எக்ஸ்பிஎஸ் 8000, 8100, இன்ஸ்பிரான் 580 ஆகிய மாடல்களில் இந்தக் கேள்வியைக் கேட்டதும் விசிறி காரணமில்லாமல் ஏறுவதும் இறங்குவதுமாக அலைந்தது. கோளாறு பயாஸில். கெர்னலால் பயாஸைத் திருத்த முடியாது. அந்த மாடல்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்காதே என்று 2016-இல் ஒரு பட்டியல் போட்டார்கள். வேறு சில மாடல்களில் அந்த மறைவான பகுதிக்குள் போன பிராசசர் அரை நொடிக்கு மேல் திரும்பி வராமல், மொத்தக் கணினியும் விக்கி விக்கி ஓடியது. அவற்றுக்கும் ஒரு பட்டியல் வந்தது. அந்த மாடலைக் கையில் வைத்திருந்து, "உங்கள் மாற்றத்துக்குப் பிறகு என் விசிறி அலைகிறது" என்று சொல்ல ஆள் இல்லையென்றால் இந்தப் பட்டியல்கள் பிறந்திருக்கவே முடியாது.

பட்டியல் போடாமல் கணினியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாதா என்ற ஆசை எழுவது இயற்கை. பி50, பி70 போன்ற கனமான திங்க்பேட்களில் இரண்டு விசிறிகள் உண்டு. கன்ட்ரோலர் இரண்டின் வேகத்தையும் ஒரே ஜன்னல் வழியாகத்தான் காட்டும். இன்னொரு ரெஜிஸ்டரின் கடைசி பிட்டை மாற்றினால் ஜன்னலில் முதல் விசிறி போய் இரண்டாவது வரும். ஒற்றை விசிறி உள்ள மாடலில் அந்த பிட்டை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு உறுதி இல்லை. அதனால் இரட்டை விசிறி மாடல்களை, பயாஸ் அடையாளத்தை வைத்து ஒவ்வொன்றாக டிரைவரில் சேர்த்து வந்தார்கள்.

இதற்குள் காலம் மாறியிருந்தது. 2005-இல் திங்க்பேட் லெனோவோவின் கைக்குப் போனது. 2020-இல் லெனோவோ சில திங்க்பேட்களை லினக்ஸோடு சேர்த்தே விற்கத் தொடங்கியது. அதன் பொறியாளர்களே திங்க்பேட் டிரைவருக்குத் திருத்தங்கள் அனுப்பினார்கள். 2022 வாக்கில் அவர்களில் ஒருவர் இரண்டாவது விசிறியைத் தானாகக் கண்டுகொள்ளும் மாற்றத்தை எழுதினார். அதன் குறிப்பில் அவர் பதிந்த செய்தி வியப்பானது: இரண்டாவது விசிறி இருக்கிறதா என்பதைக் கன்ட்ரோலரிடமிருந்தோ பயாஸிடமிருந்தோ அறிய வழியே இல்லை என்று லெனோவோவின் ஃபர்ம்வேர் குழுவே உறுதி செய்திருந்தது. வாசித்துப் பாருங்கள், வாசிப்பு வெற்றி பெற்றால் விசிறி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அந்தக் குழு தந்த யோசனை. தயாரித்தவர்களுக்கும் கடைசியில் மிஞ்சியது, இத்தனை ஆண்டுகளாக வெளியாட்கள் செய்துவந்த அதே தட்டிப் பார்க்கும் முறைதான்.

அந்த மாற்றத்திலும் ஒரு பிழை இருந்தது: இரண்டாவது விசிறி இல்லை என்று முதலிலேயே கருதிக்கொண்டதால் தேடல் தோற்றுப்போனது. திருத்தம் பின்னர் வந்தது. அதன் குறிப்பில் எந்தெந்தக் கணினிகளில் சோதித்தது என்று எழுதியிருக்கிறது: எக்ஸ்1 கார்பன் பத்தாம் தலைமுறை, இரண்டு விசிறி, எக்ஸ்1 கார்பன் ஒன்பதாம் தலைமுறை, இரண்டு விசிறி, டி490, ஒரு விசிறி. மூன்றாவது கணினி அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு விசிறியை இரண்டு என்று சொல்லும் டிரைவர், இல்லாத விசிறியையும் இருப்பதாகச் சொல்லிவிடக் கூடாது. டி490-இல் அது ஒன்று என்றே சொன்னது.